கூட என்ன சாப்பிடப் போறீங்க?

பிப்ரவரி 2, ஞாயிறு – ஒசாகா

செட்சுபுன் வழக்கமாக 3-ஆம் தேதி வரும். 2025-ல் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. இதோடு குளிர்காலம் முடிகிறது என்பது பஞ்சாங்கக் கணக்கு. தெருவில் நின்றாலோ காது மடல் மரத்துப்போகிறது, மூக்கு தானாக ஒழுகுகிறது. வீடுகளில் வறுத்த சோயாவை வீசிப் பேயை விரட்டுகிறார்கள். தடித்த சுருட்டு சூஷி ஒன்றை, அந்த வருஷத்துக்கு உரிய திசையைப் பார்த்தபடி, வாய் பேசாமல் முழுசாகத் தின்று முடிக்கிறார்கள். இந்த வருஷத் திசை மேற்குத் தென்மேற்கு. ஒசாகா, கியோட்டோ, கோபே அடங்கிய கன்சாய் பக்கம் கூடுதலாக ஒன்று உண்டு: இன்றைக்கு மத்தி மீன் சுட்டுத் தின்ன வேண்டும். அந்த வாடைக்குப் பேய் கிட்டவே வராதாம்.

தம்பி இங்கேதான் வேலை பார்க்கிறான். ஜப்பானிய அரிசி மதுவான சாகேவை எந்தச் சாப்பாட்டோடு எப்படிக் குடிக்கிறார்கள் என்று பார்க்க வருகிறேன் என்றதும் வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டான். இத்தனைக்கும் அவன் குடிக்க மாட்டான். "நான் பேசுறேன், நீ குடி. எனக்கு ஊலாங் டீ மட்டும் வாங்கிக் குடுத்துடுக்கா" என்பது ஒப்பந்தம்.

சாயங்காலம் அவன் கூட்டிப்போனது ஒரு மதுக்கடை. பாட்டில் விற்கிற கடைதான். ஓரமாக ஒரு நீளப் பலகை போட்டு, வாங்கியதை அங்கேயே நின்று குடித்துவிட்டுப் போகலாம். எட்டுப் பேர் நிற்கக்கூடிய இடத்தில் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே எல்லோரும் தோளைப் பக்கவாட்டில் திருப்பி ஒருக்களித்து நின்றார்கள். இரண்டு ஆள் இடம் பிறந்துவிட்டது.

மேல் தட்டில் அழகழகான பாட்டில்கள். நீல நிறத்தில் மெலிசாக நின்ற ஒன்றைக் கை காட்டினேன். கடைக்காரர் எடுக்கவில்லை, ஏதோ கேட்டார்.

"அக்கா, கூட என்ன சாப்பிடப் போறீங்கன்னு கேக்குறார்."

"மத்தின்னு சொல்லு."

அவர் தலையை ஆட்டிவிட்டு, கீழேயிருந்து 1.8 லிட்டர் பழுப்பு பாட்டிலைத் தூக்கினார். தகரக் குவளையில் ஊற்றி, கொதிக்காமல் சுட்டுக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார். நான் விடவில்லை, நீல பாட்டிலிலும் ஒரு கிளாஸ் கேட்டேன். அது 900 யென், பழுப்பு பாட்டில் 350 யென். 2025 பிப்ரவரியில் 100 யென் ஏறக்குறைய 57 ரூபாய்.

நீல பாட்டிலில் இருந்தது தாய்கின்ஜோ. அரிசியை மேலிருந்து தீட்டித் தீட்டிப் பாதி எடைக்கும் கீழே கொண்டுவந்த பிறகு வடிக்கிற ரகம். தனியாகக் குடித்தால் ஆப்பிளும் முலாம்பழமும் கலந்த மணம், ஒன்றும் குறை சொல்ல முடியாது. ஒரு வாய் மத்தியைத் தின்றுவிட்டு அதையே குடித்தேன். பழ மணம் ஒரு பக்கம் இழுக்க, மீன் கவிச்சி இன்னொரு பக்கம் இழுக்க, வாயைக் கழுவலாம் போல ஆகிவிட்டது. பழுப்பு பாட்டில் சாகேவுக்கு மணமென்று சொல்ல ஒன்றும் இல்லை. சூடாக ஒரு மடக்கு போனதும் நாக்கில் ஒட்டியிருந்த மீன் எண்ணெயைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனது. அடுத்த வாய்க்கு மீன் புதிதாக இருந்தது. கருகின தோல், உள்ளே குடலின் லேசான கசப்பு, மேலே துருவிய முள்ளங்கி எல்லாமே தனித்தனியாகத் தெரிந்தன.

பக்கத்தில் நின்ற பெரியவர் என் இரண்டு கிளாஸையும் பார்த்துச் சிரித்துவிட்டு, தண்ணீர் கிளாஸைக் கை காட்டினார். ஒரு மடக்கு சாகேவுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் என்பது இங்கே எழுதாத விதி. 15, 16 சதவீதம் ஆல்கஹால்; பீர் மாதிரி நினைத்துக் குடித்தால் காலையில் தெரியும்.

பிப்ரவரி 3, திங்கள் – நாடா, கோபே

ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவில், பின்னால் ரொக்கோ மலை, முன்னால் கடல் என்று ஒடுங்கிய கரையில் இருக்கிறது நாடா. நிஷிகோ, மிகாகெ, உவோசாகி, நிஷினோமியா, இமாசு என்று ஐந்து ஊர் சேர்ந்ததற்கு நாடா கோகோ என்று பெயர். மலையிலிருந்து இறங்குகிற காற்று கழுத்துத் துணிக்குள் கை விட்டுத் தடவுகிறது. இந்தக் காற்றுதான் அரிசியையும் புளிக்கிற தொட்டியையும் குளிர வைக்கும் என்பதால் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கும். எனக்கு இல்லை.

இங்கே எல்லாம் தண்ணீரில் தொடங்கியது. யமமுரா தசாஎமோன் என்பவருக்கு நிஷினோமியாவிலும் உவோசாகியிலும் சாகே வடிக்கிற ஆலைகள் இருந்தன. நிஷினோமியாச் சரக்கு மட்டும் எப்போதும் ஒரு படி மேலே நின்றது. அரிசியை மாற்றிப் பார்த்தார், தலைமை ஆட்களை மாற்றிப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் 1840-ல் நிஷினோமியாக் கிணற்றுத் தண்ணீரை உவோசாகிக்குக் கொண்டுபோய் வடித்தார். ருசி வந்துவிட்டது. அதற்கப்புறம் ஊரே அந்தத் தண்ணீருக்கு ஓடியது. மியாமிசு என்கிற அந்தத் தண்ணீரில் ஈஸ்டுக்குத் தீனியாகிற பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம், இரும்பு இல்லையென்றே சொல்லலாம். சாகேவுக்கு இரும்பு ஆகாது, நிறமும் ருசியும் கெட்டுவிடும். லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள். ஈஸ்ட் கொழுத்து வேலை செய்வதால் நாடா சாகே இனிப்பு குறைந்து, முடிவில் வெட்டினாற்போல நிற்கும்.

பழைய மர ஆலைகளைத் தேடிக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். 1995 ஜனவரி 17 விடியற்காலை நிலநடுக்கத்தில் பெரும்பாலானவை சரிந்துவிட்டன. இப்போது கான்கிரீட் கட்டடங்களுக்கு நடுவே நடக்கிறோம். ஹகுத்சுரு என்கிற சாகே நிறுவனத்தின் பழைய ஆலை ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது, நுழைவு இலவசம். ஆள் உயரப் பொம்மைகள் அரிசி கழுவுகின்றன, வேக வைக்கின்றன, கோஜி தூவுகின்றன. கோஜி ஒரு பூஞ்சை. வெந்த அரிசியின் மாவுச்சத்தை அது சர்க்கரையாக்க, அதே தொட்டியில் அதே நேரத்தில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹால் ஆக்குகிறது. இந்த முறை போன டிசம்பரில்தான் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஊரெங்கும் அதற்குப் பதாகை கட்டியிருக்கிறார்கள்.

மதியம் ஒரு சிறிய கடையில் காசுஜிரு. சாகேவைப் பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சுகிற வெள்ளைச் சக்கையைக் கரைத்து, சால்மன், முள்ளங்கி, கேரட் போட்டுக் காய்ச்சிய கெட்டிச் சாறு. இரண்டு வாய்க்குள் நெஞ்சுவரை சூடு ஏறியது. இதற்கு என்ன சாகே என்று கேட்டதற்குக் கடைக்கார அம்மா, "அதுக்குள்ளேயே இருக்கே, மேல எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். பிடிவாதமாகக் கேட்டதால் சீடர் மரப் பீப்பாயில் ஊறவைத்த ஒன்றைக் கொடுத்தார், சூடாக்காமல். புதிதாக இழைத்த பலகை வாசனை. காசுஜிருவுக்கு ஒத்துவரவில்லை, ஆனால் சோயா சாஸும் சர்க்கரையும் பூசிச் சுட்ட புரி மீன் ஒரு துண்டு பக்கத்தில் இருந்தது, அதன் இனிப்பை மர வாசனை அடக்கிவைத்தது. இனிப்புக் குழம்பு பூசிய மீன் எனக்கு அதுவரை திகட்டிக்கொண்டுதான் இருந்தது.

தம்பி கதை இங்கேதான் நடந்தது. தட்டோரத்தில் இருந்த பழுப்பு நிற ஊறுகாயை எடுத்து ஆசையாகத் தின்றுகொண்டிருந்தான். நாரசுகே. பூசணி வகைக் காயைச் சாகே சக்கையில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் புதைத்து எடுப்பது. "அக்கா, இதுல என்னமோ வாடை வருது." வராமல் என்ன செய்யும்? சக்கையில் இருக்கிற ஆல்கஹால் காய்க்குள் இறங்கியிருக்கும். என் தட்டிலிருந்ததையும் சேர்த்துத் தின்றிருந்தான். காது சிவந்துவிட்டது. ஸ்டேஷன் வரை கோபேயின் நகராட்சி வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய் – ஃபுஷிமி, கியோட்டோ

கியோட்டோவின் தெற்கு ஓரம். நேற்று பார்த்த ஊர் கடல் காற்று என்றால் இது கால்வாய்க் கரை, கருப்புப் பலகைச் சுவர், தொங்கும் வில்லோ. பனிக்காலத்தில் வில்லோ வெறும் கயிறுதான். கோகோனோமியா கோயிலில் ஊற்றுத் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கிறார்கள். சைக்கிளில் ஐந்து லிட்டர் கேன்களோடு வந்த ஒரு பாட்டி, எங்கள் கையில் சின்ன பாட்டில் மட்டும் இருப்பதைப் பார்த்து முன்னால் விட்டுவிட்டார்.

தண்ணீர் நாடாவைவிட மென்மை. புளிப்பு மெதுவாக நடக்கும், சாகே வழவழப்பாக இறங்கும். நாடாவை ஆண் சாகே, ஃபுஷிமியைப் பெண் சாகே என்று சொல்கிற பழக்கம் இங்கே பலமாக இருக்கிறது. எனக்கு அந்தப் பேச்சு அலுப்பு. தண்ணீரில் தாது கூடக் குறைய இருப்பதற்கு ஆணும் பெண்ணும் எதற்கு?

யுதோஃபு சாப்பிட்டோம். கொம்பு என்கிற கடற்பாசி ஒரு துண்டு போட்ட வெந்நீரில் டோஃபு மிதக்கிறது. அவ்வளவுதான். மிளகாய் இல்லை, எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை. முதல் வாய்க்கு நாக்கு எதையோ தேடுகிறது. கடைக்காரர் கேட்காமலே நாற்பது டிகிரி சூட்டில் சாகே கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்த பிறகு அந்த வெந்நீர் சாறாகிவிட்டது. இதற்குக் காரணம் உண்டு. கியோட்டோவில் பிறந்த இகெடா கிகுனாயே 1908-ல் கொம்புச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். சாகேவிலும் குளூட்டாமிக் அமிலம் உட்பட அமினோ அமிலங்கள் ஒயினைவிட நிறைய உண்டு. இரண்டும் ஒரே பக்கம் தள்ளும்போது சத்தமில்லாத சாப்பாடும் பேச ஆரம்பிக்கிறது. ஜில்லென்று ஒரு கிளாஸ் கேட்டுப் பார்த்தேன். டோஃபு மறுபடி ஊமையாகிவிட்டது.

சூட்டுக்கு இங்கே தனி அகராதியே இருக்கிறது. 5 டிகிரியிலிருந்து 15 வரைக்கும், பிறகு 30-லிருந்து 55 வரைக்கும், ஐந்து ஐந்து டிகிரிக்கு ஒரு பெயர். கடைக்காரர் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளவில்லை. குவளையின் அடியை விரலால் தொட்டுச் சொல்கிறார். தம்பி இன்ஜினியர் இல்லையா, நம்பவில்லை. என்ன சூடு என்று மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் அதே பதில்.

சாயங்காலம் கால்வாய்ப் பக்கம் ஒரு கடையில் பதினெட்டுச் சிறு கிண்ணங்கள் அடங்கிய ருசித் தட்டு. ஊர் ஆலைகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று. புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். ஆறாவது கிண்ணத்துக்குப் பிறகு எனக்கு எல்லாம் ஒன்றுதான். அடியில் நீல வளையங்கள் போட்ட வெள்ளைக் கிண்ணம் உண்மையில் சோதனை செய்கிறவர்களுக்கானது. நீலத்தில் தெளிவு தெரியும், வெள்ளையில் நிறம் தெரியும். அவர்கள் துப்பிவிடுவார்கள். சாப்பாடு இல்லாமல் வரிசையாகக் குடிப்பது பரீட்சை எழுதுகிறவர்கள் வேலை. பில்லில் ஆளுக்கு 500 யென் கூடுதலாக இருந்தது. உட்கார்ந்ததும் கேட்காமலே வைத்த ஒரு கரண்டிக் கீரைக்குத்தான் அந்த விலை. ஊலாங் டீ மட்டும் குடித்த தம்பிக்கும் சேர்த்து. மெனுவில் போட்ட விலைகளுக்கு வரி தனி. இந்த ஊரின் மரியாதை எல்லாம் பிடித்திருக்கிறது, இந்தக் கீரைக் கணக்கு மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை.

பிப்ரவரி 5, புதன் – ஒசாகா, தம்பி ரூம்

தொண்டை கட்டிக்கொண்டது. வெளியே குளிர் அலை; டிவியில் வரைபடம் முழுக்க நீலம், ஜப்பான் கடல் பக்கம் பனி கொட்டுகிறது. எங்கும் போகவில்லை. மிளகு ரசம் வைத்தேன்.

நேற்று கியோட்டோ ஸ்டேஷனில் வாங்கிய ஃபுனாசுஷி மட்டும் பிரிட்ஜில் இருந்தது. பிவா ஏரிக் கெண்டையை மாதக்கணக்கில் உப்பில் போட்டு, பிறகு சோற்றுக்குள் புதைத்துப் புளிக்கவைத்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் தம்பி ஜன்னலைத் திறந்தான், குளிர் அலையிலும். நீராகாரப் பானையில் கருவாட்டை விழுத்தினாற்போல ஒரு வாடை. வெள்ளரிப் பிஞ்சு மாதிரி மெல்லிசாக நறுக்கியது ஆறு துண்டு 1,300 யென். முட்டை நிறைந்த நடுத்துண்டு ஆரஞ்சு நிறத்தில் மின்னியது. தின்றால் சீஸ் போலப் புளிப்பு, பிறகு உப்பு, பிறகு ரொம்ப நேரத்துக்கு வாயில் நிற்கிற ஒரு ருசி. இதற்குக் கடைக்காரர் கொடுத்திருந்தது யமஹாய். சாகே தொடக்கக் கரைசலில் லாக்டிக் அமிலத்தை வெளியிலிருந்து ஊற்றாமல், காற்றிலும் ஆலையிலும் இருக்கிற பாக்டீரியாவையே வளரவிட்டு எடுப்பது. 1909-ல் வந்த முறை. அதற்கு முந்தைய கிமோட்டோ முறையில் அரிசிக் கரைசலைக் கோலால் இடித்து இடித்துக் கூழாக்குவார்கள். இடிக்காமலே ஆகும் என்று கண்டுபிடித்ததுதான் யமஹாய். புளிப்பும் கனமும் உள்ள சாகே. ஃபுனாசுஷியின் புளிப்பும் இதன் புளிப்பும் ஒரே குடும்பம். சண்டையே வரவில்லை.

அப்போதுதான் தோன்றியது. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தயிர் சாதம் பிசைந்து, அம்மா அனுப்பிய உப்பு நார்த்தங்காயை எடுத்து வைத்து, யமஹாயை 45 டிகிரிக்குச் சூடாக்கினேன். தம்பியின் சமையல் தெர்மாமீட்டருக்கு நன்றி. தயிரும் லாக்டிக் புளிப்புதானே? பிரமாதமாகச் சேர்ந்தது. நார்த்தங்காயின் கசப்புக்குப் பிறகு சாகேவில் அரிசியின் இனிப்பு தெரிந்தது. உப்பைத் தொட்டுக்கொண்டு சாகே குடிப்பது இங்கே பழைய பழக்கம்தான், உப்போடு கசப்பும் கிடைத்தால் இன்னும் மேல்.

ரசத்துக்கு எதுவும் நிற்கவில்லை. பெருங்காயம் எல்லாவற்றையும் முழுங்கிவிட்டது. மாங்காய் ஊறுகாயோடு நிகோரி பரவாயில்லை. முழுசாக வடிகட்டாமல் வெள்ளையாகக் கலங்கி நிற்கிற ரகம். அந்த இனிப்பும் மாவுத்தன்மையும் காரத்தைக் கொஞ்சம் தாங்குகின்றன. தெளிந்த சாகேவை மிளகாய்க்குப் பின்னால் குடித்தால் ஆல்கஹாலின் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். சாகே எந்தச் சாப்பாட்டோடும் சண்டை போடாது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டோடு போடாது, சரி.

பிப்ரவரி 6, வியாழன் – ஹிரோஷிமா

ஷின்கான்சென் புல்லட் ரயிலில் கப் சாகே. 180 மில்லி கண்ணாடிக் குவளை, மேலே இழுத்துத் திறக்கிற தகர மூடி. ஒசெகி ஆலை இதை முதன்முதலில் விற்பனைக்கு விட்டது 1964 அக்டோபர் 10, டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய நாளில். பக்கத்து சீட்டில் கோட்டுப் போட்டவர் காலை பத்தரைக்கு ஒன்றைத் திறந்து, உலர்ந்த கணவாய்ப் பொட்டலத்தை மடியில் விரித்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் பொட்டலத்தை நீட்டினார். மென்று முடிக்க எனக்கு ஒகயாமா வரை ஆனது.

ஹிரோஷிமா வளைகுடா முழுக்கச் சிப்பி வளர்ப்பு. ஜப்பானில் வளர்க்கிற சிப்பியில் பாதிக்கு மேல் இந்த மாகாணத்திலிருந்துதான். இப்போது சீசன், கொழுத்துக் கிடக்கின்றன. கம்பி வலையில் ஓட்டோடு வைக்கிறார்கள். சற்று நேரத்தில் ஓடு 'பட்' என்று விரிந்து உப்புத் தண்ணீர் நெருப்பில் சீறுகிறது. ஓரம் சுருங்கி, நடு உப்பி, தன் சாற்றிலேயே வேகிறது. இரண்டு 700 யென்.

இங்கே ஒயினும் வைத்திருந்தார்கள். ஒப்பிடாமல் இருக்க முடியுமா? வெள்ளை ஒயினோடு முதல் சிப்பி நன்றாகத்தான் போனது, பின்னால் மெல்ல ஒரு மீன் வாடை எழும்பியது. சாகேவோடு அது வரவில்லை. ஜப்பானிய ஒயின் ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் இதற்குக் காரணம் சொன்னார்கள்: ஒயினில் கரைந்திருக்கிற இரும்பு, கடல் உணவின் கொழுப்போடு சேர்ந்து அந்த வாடையைக் கிளப்புகிறது. இரும்பு குறைந்த ஒயினில் வாடையும் குறைவு. நாடாக்காரர்கள் கிணற்றில் இரும்பு பார்த்தது நிறத்துக்காகவும் ருசிக்காகவும். அதன் பலன் சிப்பி தின்கிறவனுக்கும் கிடைத்துவிட்டது.

சுட்ட சிப்பிக்கு வெதுவெதுப்பான ஜுன்மாய் நன்றாக இருந்தது. கூடுதல் ஆல்கஹால் சேர்க்காத, அரிசியும் கோஜியும் தண்ணீரும் மட்டும் உள்ள ரகம். பிறகு தோதெனாபே என்று ஒன்று, மண்சட்டியின் உள்விளிம்பில் மிசோ என்கிற புளித்த சோயா விழுதைக் கரை கட்டி, நடுவில் சிப்பியும் காயும் கொதிக்கும். மிசோ கரையிலிருந்து சரிந்து சரிந்து சாற்றில் விழுகிறது. அதற்கு அதைவிடச் சூடாகக் கொடுத்தார்கள், ஐம்பது டிகிரி இருக்கும். உப்பான, கனமான சாப்பாட்டுக்குச் சூட்டை ஏற்றிக்கொண்டே போகிறார்கள் என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறவில்லை.

கவுன்டரில் பக்கத்தில் இருந்த ஒரு ஆபீஸ் அம்மாள் என் குவளை காலியானதைப் பார்த்துத் தன் தொக்குரியிலிருந்து, அதாவது சாகே குடுவையிலிருந்து, ஊற்றினார். தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது இங்கே அழகில்லை. நான் அவருக்கு ஊற்ற, அவர் எனக்கு ஊற்ற, தம்பி மெதுவாக, "அக்கா, நிறைஞ்ச குவளையை அப்படியே வை, அப்பதான் நிறுத்துவாங்க" என்றான். குடிக்காதவனுக்குத்தான் இந்தச் சூத்திரமெல்லாம் தெரிகிறது.

பிப்ரவரி 7, வெள்ளி – சைஜோ

பனி. உள்ளூர் ரயில் நடுவழியில் நின்றது, எத்தனை நேரம் என்று யாரும் சொல்லவில்லை. இறங்கியபோது மதியத்தை நெருங்கிவிட்டது. நாங்கள் முன்பதிவு செய்திருந்த சின்ன ஆலையில் வாசலிலேயே ஒரு கேள்வி: "இன்னைக்கு நாட்டோ சாப்பிட்டீங்களா?" ஹோட்டல் காலைச் சாப்பாட்டில் தம்பி இரண்டு டப்பா தீர்த்திருந்தான். நாட்டோ என்பது புளித்த சோயா; அதைப் புளிக்கவைக்கிற பாக்டீரியாவின் வித்துகள் சூட்டுக்கும் அசையாது. உள்ளே புகுந்தால் கோஜி கொழகொழத்துக் கெட்டுவிடும். அவனை வெளியே நிறுத்திவிட்டார்கள், மிகுந்த வணக்கத்தோடு. நான் மட்டும் உள்ளே போனேன், மொழிபெயர்க்க ஆள் இல்லாமல். வெந்த அரிசி மணம், சுண்டக் காய்ச்சிய கஞ்சிக்கும் பழுத்த வாழைக்கும் நடுவில் ஒரு மணம், தொட்டிக்குள் நுரை உடைகிற சின்னச் சின்னச் சத்தம். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நான் வெளியே வந்தபோது தம்பி அடுத்த ஆலையின் கிணற்றடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சைஜோ ஸ்டேஷனைச் சுற்றி ஒரு நடைக்குள் ஏழு ஆலைகள், செங்கல் புகைபோக்கிகள். கிணற்றுத் தண்ணீரை யாரும் பிடித்துக் குடிக்கலாம். ஹிரோஷிமா மாகாணத்தில் தண்ணீர் மென்மை, அதை வைத்து நல்ல சாகே வராது என்று ஒரு காலத்தில் கைவிட்டிருந்தார்கள். மியூரா சென்சபுரோ என்பவர் கோஜியை அரிசிக்குள் ஆழமாக வளரவிட்டு, குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கும் முறையைத் தேடிப் பிடித்து, 1898-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். தனக்கென்று ஒளித்துவைக்கவில்லை. 1907-ல் நடந்த முதல் தேசியப் போட்டியில் ஹிரோஷிமாச் சாகேக்கள் முன்வரிசையை அள்ளின. இதே சைஜோவில் 1896-ல் சதாகே ரிஇச்சி விசையால் ஓடும் அரிசி தீட்டும் இயந்திரத்தைச் செய்தார். குளிர்ந்த மெல்லப் புளிப்பும் நன்றாகத் தீட்டிய அரிசியும் சேர்ந்துதான் ஒசாகாவில் நான் கை காட்டிய அந்தப் பழ மண ரகத்துக்கு வழி திறந்தது.

இத்தனை மணமான சாகேவின் ஊரில் ஆலை ஆட்கள் சாப்பிட்டது என்ன என்று பார்த்தால், பிஷுநாபே. கோழி, கோழியின் இரைப்பையான கிஸர்ட், பன்றி இறைச்சி, முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு. உப்பு, மிளகு, தண்ணீருக்குப் பதில் சாகே. வேறு எதுவும் இல்லை. ஆட்கள் அதே சாகேவைக் குடித்துக்கொண்டு சாப்பிட்டாலும் மறுநாள் ருசி பார்க்கிற நாக்கு கெடக்கூடாது என்பதால் வேறு மசாலாவே கிடையாதாம். ஆல்கஹால் ஆவியாகப் போகும்வரை கொதிக்கவிட்டு, மூடியைத் திறந்ததும் தம்பி மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தான். 1,800 யென், இருவருக்குத் தாராளம். பூண்டும் மிளகும் இருந்ததாலோ என்னவோ, இந்தப் பயணத்தில் என் நாக்கு எதையும் தேடாமல் சாப்பிட்டது இதைத்தான். கூட நாற்பத்தைந்து டிகிரி ஜுன்மாய்.

சாப்பாடு முடிந்த பிறகு, தட்டுகள் போன பிறகு, பரிமாறிய பெண் தானாகவே ஒரு தாய்கின்ஜோவைக் கொண்டுவந்தாள். உள்ளே தங்கத் தாள் மிதக்கிறது. தங்கத்துக்கு ருசி இல்லை. சாகேவுக்கு இருந்தது, பக்கத்தில் மீனும் இல்லை, குழம்பும் இல்லை, அதனால் முழுசாகத் தெரிந்தது. முதல் நாள் இதைத் தேவையில்லாமல் திட்டிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மத்தியோடு கேட்டால் இன்றைக்கும் அதே திட்டுதான்.

பிப்ரவரி 8, சனி – கன்சாய் விமான நிலையம்

வரியில்லாக் கடையில் தங்கப் பெட்டி, வெள்ளிப் பெட்டி, எல்லாம் தாய்கின்ஜோ, 5,000 யென்னுக்குக் கீழே தேடித்தான் பிடிக்க வேண்டும். பரிசு கொடுக்க நல்லது, மீன் குழம்பு வைக்கிற வீட்டுக்கு உதவாது. நான் ஏற்கெனவே ஒசாகாக் கடையில் 720 மில்லி பாட்டில் இரண்டு வாங்கிச் செக்-இன் பெட்டியில் வைத்துவிட்டேன்: யமஹாய் 1,650 யென், கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்து எடுக்கிற சாதாரண ஹோன்ஜோசோ 1,100 யென். இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் வரியில்லாமல் கொண்டுபோகலாம். நாமா என்று எழுதியிருக்கிற, சூடுபடுத்திப் பதப்படுத்தாத ரகத்தை வாங்க ஆசைதான். வழி முழுக்க பிரிட்ஜ் வேண்டும், சென்னை வெயிலில் ஒரு நாள் தாங்காது. பெட்டி எடை 22.8 கிலோ, அளவு 23. தம்பி கொடுத்த வறுத்த சோயா பொட்டலத்தைக் கைப்பைக்கு மாற்றினேன்.